மனத்துள் எழுந்த கோயில்

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகள், சிறுநீரக மருத்துவராகிய என்னிடம் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு: “டாக்டர், கோயிலுக்குப் போய் மாதக்கணக்காகிறது. சாமியை விட்டு விலகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.” உடனிருந்து கவனிப்போர் நிலையும் இதுவே. மருந்து, சமையல், ஆட்டோ, அலுவலக விடுப்பு என ஓடுபவர்க்கு மாலையில் விளக்கேற்றவும் பொழுது வாய்ப்பதில்லை. நோயின் சுமையோடு குற்றவுணர்வும் சேர்ந்துவிடுகிறது.

இவர்களிடம் நான் கூறுவது, நம் பகுதிக்கே உரிய பூசலார் நாயனாரின் வரலாற்றை. ஆவடிக்கு அப்பாலுள்ள திருநின்றவூரைச் சேர்ந்தவர் அவர். 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் அவர் கதையைப் பாடிய சேக்கிழாரோ, குமணன்சாவடிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர். சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிய பூசலாருக்குப் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே அடித்தளமிட்டு, விமானம் எழுப்பி, சுதை பூசி, கிணறும் குளமும் தோண்டி, குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, “அந்நாளில் பூசலாரின் கோயிலில் புகுகிறோம், உன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்” என உணர்த்தினார் என்கிறது புராணம். திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலுக்கு இன்றும் இதயநோயாளர் பலர் வந்து வேண்டிச் செல்கின்றனர்.

பூசலார் தம் கோயிலை ஒரே நாளில் கட்டிவிடவில்லை. சிறிது சிறிதாகவே கட்டினார். நமக்கும் அதுவே வழி. ஊசி ஏற்றும் நொடியில் ஒரு திருப்பெயர், மருந்தகத்தில் வரிசையில் நிற்கும்போது ஒரு நன்றி, உறக்கம் வராத இரவில் ஒரு முறையீடு ஆகியன போதும். “ஏன் எனக்கு?” என்று இறைவனிடம் கோபித்துக்கொள்வதும் அவருடன் பேசுவதே. மனம் வறண்டு ஒன்றும் தோன்றாத நாளில், அருகில் அமைதியாய் அமர்ந்திருந்தால் போதும். ஆனால் அவ்வறட்சி வாரக்கணக்கில் நீடித்து, உணவிலும் உறக்கத்திலும் நாட்டம் குன்றினால், அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். தயங்காமல் எங்களிடம் கூறுங்கள்.

மற்றொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். வேண்டுதலை நிறைவேற்ற எண்ணி டயாலிசிஸ் நாளைத் தவறவிடுவதும், மருந்தை நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்தானவை. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. பிரசாதமாயினும் சிறுநீரகம் செயலிழந்தோர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்வோர் தாமாக விரதம் இருத்தல் கூடாது. நோயுற்றோர் ரமலான் நோன்பைப் பின்னர் நோற்க இஸ்லாம் இடமளிக்கிறது; குணமாக வழியில்லாதோர் ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யலாம். ஆலயம் செல்ல இயலாத நோயாளியின் இல்லத்திற்கே நற்கருணையைக் கொண்டுவருவது கிறித்தவ மரபு.

விரதமோ யாத்திரையோ மேற்கொள்ள விரும்பினால் முன்கூட்டியே தெரிவியுங்கள். உடல்நிலை இடந்தந்தால், சிகிச்சையோடு பொருந்தும் நாளைச் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம். மன்னனின் குடமுழுக்கிற்கே நாளை மாற்றச் சொன்ன இறைவன், உங்கள் வேண்டுதலுக்காகக் காத்திருக்க மாட்டாரா?