வீட்டிலிருந்தே மேல்நிலைத் தேர்வு: பள்ளி செல்லாத பிள்ளையின் நலம் காக்க

மேல்நிலைத் தேர்வுக்கு முந்தைய மாதங்கள் எந்த வீட்டிலும் எளிதாகக் கழிவதில்லை. பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே அத்தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளை இருக்கும் வீட்டில் பொறுப்பு இன்னும் கூடுகிறது. அங்கே பெற்றோரே ஆசிரியர். கால அட்டவணை வகுப்பவரும், தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாளை நினைவில் வைப்பவரும் அவர்களே.

திருவண்ணாமலை வட்டாரத்தில் இத்தகைய குடும்பங்கள் அரிதானவை அல்ல. மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாற்றுக் கல்வியை விரும்பிக் குடியேறியோர் உள்ளனர். 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருதம் பண்ணைப் பள்ளி போன்ற முயற்சிகளும் இங்கு நடைபெறுகின்றன. தாமே விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு சாரார். நீண்ட நாள் சிகிச்சை, அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தேவை, சிறுநீரக நோய், விபத்துக்குப் பிந்தைய ஓய்வு ஆகியவற்றால் பள்ளியை விட்டு வீட்டில் படிக்க நேர்ந்தவர்கள் மற்றொரு சாரார். இரு சாராருக்கும் பொதுவான ஒரு செய்தியை இக்கட்டுரை கூற விழைகிறது.

பள்ளி பாடம் மட்டும் கற்பிப்பதில்லை. நாம் அறியாமலேயே அது பிள்ளையின் உடல்நலத்தையும் மனநலத்தையும் கண்காணித்து வருகிறது. பள்ளியை விடும்போது பாடநூல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறோம். அந்தக் கண்காணிப்பைக் கொண்டுவர மறந்து விடுகிறோம்.

தேர்வு எழுதும் வழி

வீட்டில் பயிலும் பிள்ளைகளில் பலர் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகத் தேர்வு எழுதுகின்றனர். 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கிய இது, 1989இல் தனி நிறுவனமாயிற்று. 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதன் மண்டல அலுவலகம் ஒன்று சென்னையில் இயங்குகிறது.

இந்நிறுவனம் ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் என ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு நடத்துகிறது. ஒருமுறை பதிவு செய்தால் அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் 9 முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. 5 பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இப்பருவத்தில் இரண்டு, அடுத்த பருவத்தில் மூன்று எனப் பிரித்து எழுதலாம். தேர்ச்சி பெற்ற பாடத்தின் மதிப்பெண் கணக்கில் நிற்கும்.

சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பெரும் துணையாகும். மருத்துவமனையில் சேர வேண்டிய மாதத்தில் தேர்வும் வந்துவிட்டால், “ஓராண்டு வீணாயிற்று” என்று கலங்க வேண்டியதில்லை. அடுத்த பருவம் ஆறு மாதத்திற்குள் வந்துவிடும். மாநிலப் பாடத்திட்டத்தில் பயில்வோருக்கும் துணைத் தேர்வு உண்டு. எப்பாடத்தை எப்போது எழுதுவது என்பதை முடிவு செய்யும் முன் சிகிச்சைத் தேதிகளை மருத்துவரிடம் கேட்டு அட்டவணையில் குறித்துக் கொள்ளுங்கள். சிகிச்சைக்கு ஏற்பப் படிப்பு அமையட்டும். படிப்புக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மேற்படிப்போ அரசுப் பணியோ எதை நாடினாலும், அதற்குத் திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை உரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து கொள்வது நல்லது.

நாள்தோறும் காணும் கண்ணுக்குத் தெரியாதது

ஒரு மாணவியின் முகம் வெளிறியிருப்பதையும், ஒரு மாணவன் கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதையும் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர் ஆசிரியரே. கோடை விடுமுறைக்குப் பின் பிள்ளையைப் பார்க்கும் அவருக்கு மாற்றம் உடனே தெரிகிறது. நாள்தோறும் பார்க்கும் தாய் தந்தையருக்கு, மெல்ல மெல்ல வரும் மாற்றம் தெரிவதில்லை. இது அன்பின் குறை அன்று; கண்ணின் இயல்பு.

ஆகவே, வீட்டில் பயிலும் பிள்ளையைத் தேர்வுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே ஒருமுறை முழுப் பரிசோதனைக்கு அழைத்து வருவது நன்று. பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியிலேயே கிடைக்கும் கீழ்க்காணும் நான்கும் உங்கள் பிள்ளைக்கு விடுபட்டிருக்கக் கூடும்.

முதலாவது, தடுப்பூசி. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய நோய்களுக்கு எதிரான டிடி தடுப்பூசி போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பள்ளியிலேயே போடப்படுவதால் வீட்டில் பயில்வோர் இதைத் தவறவிடுவது எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது கட்டணமின்றிக் கிடைக்கும்.

இரண்டாவது, இரும்புச்சத்து மாத்திரை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீலநிற மாத்திரை வழங்கப்படுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 100க்கு 59 பேருக்கும், ஆண்களில் 100க்கு 31 பேருக்கும் இரத்தசோகை உள்ளது. இரத்தசோகை உள்ள பிள்ளை விரைவில் களைப்படையும். படித்தது மனத்தில் நிற்காது. பெற்றோர் அதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்து கொள்வதும் உண்டு. எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றே ஐயத்தைத் தீர்த்துவிடும். ஆயினும் நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தலசீமியா உள்ளவர்களுக்கு, மருத்துவரைக் கேளாமல் இரும்புச்சத்து மாத்திரை தரலாகாது.

மூன்றாவது, குடற்புழு நீக்க மாத்திரை. 1 முதல் 19 வயது வரையிலானோருக்கு ஆண்டுக்கு இருமுறை இது வழங்கப்படுகிறது.

நான்காவது, கண் மற்றும் பல் பரிசோதனை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். வீட்டில் பயிலும் பிள்ளையை நாமே அழைத்துச் செல்ல வேண்டும். பாடங்களைத் திரையில் படிப்போர் 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 விநாடி நோக்கிக் கண்ணுக்கு ஓய்வளிப்பது நலம்.

உறக்கம், உணவு, நடை

வீட்டில் படிப்போருக்குப் பள்ளி மணி இல்லை. இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டுக் காலை பத்து மணிக்கு எழுவது சில மாதங்களில் வழக்கமாகிவிடும். வளரிளம் பருவத்தில் உறக்கம் இரவில் சற்றுத் தாமதமாக வருவது உடலின் இயல்பே. எனினும் 13 முதல் 18 வயது வரையிலானோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவது உறக்கத்தில்தான். தேர்வு காலையில் நடைபெறுமாயின், அதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே எழும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி நாளில் உடல் அதற்குப் பழகாது.

உணவில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, நம் மாவட்டத்தில் விளையும் வேர்க்கடலை, நெல்லிக்காய் ஆகியவை இடம்பெறட்டும். உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். சிறுநீரக நோய், நீரிழிவு போன்றவற்றுக்காக உணவு முறை வகுத்துத் தரப்பட்டிருப்பின் அதனையே பின்பற்ற வேண்டும்.

உடற்பயிற்சிக்கு நம் ஊரில் குறைவில்லை. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் கூட்டம் குறைந்த காலை வேளையில் அரை மணி நேரம் நடந்தாலும் போதும். உடலுக்கு அது பயிற்சி. நாள் முழுதும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும் மனத்திற்கு மாற்று.

ஊரின் நாட்காட்டியும் தேர்வின் நாட்காட்டியும்

திருவண்ணாமலையில் வாழ்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். ஏப்ரல்–மே தேர்வுக் காலத்தில் சித்ரா பௌர்ணமி வருகிறது. அக்டோபர்–நவம்பர் தேர்வின் இறுதி நாட்கள் சில ஆண்டுகளில் கார்த்திகைத் தீபத் திருவிழாவை நெருங்கக் கூடும். அந்நாட்களில் இலட்சக்கணக்கானோர் வருவதால் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்படுகின்றன; நகர வீதிகளில் வாகனங்கள் செல்ல இயலாது. தேர்வு மையம் வெளியூரில் அமைந்தால், தேர்வு அட்டவணை வந்தவுடனேயே பௌர்ணமி நாட்களோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். தேவையெனில் முந்தைய நாளே மையத்திற்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யலாம். மருந்து உட்கொள்ளும் பிள்ளையாயின் அதனையும் மருத்துவச் சீட்டின் நகலையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். ஏப்ரல், மே மாத வெயிலில் குடிநீரும் மறவற்க.

உரிமைகள்

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், கடும் குறைபாடு அல்லது பல வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை ஏற்றுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தலசீமியா, இரத்தம் உறையாமை, அரிவாள் செல் சோகை ஆகியவற்றையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. தகுதியுடையோர் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் உதவியாளரும் பெறலாம். இவற்றுக்கான மருத்துவச் சான்றிதழைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கோருவதால் பயனில்லை. விண்ணப்பிக்கும் நேரத்திலேயே கையில் இருக்க வேண்டும் என்பதால், சில மாதங்களுக்கு முன்பே அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.

தனிமை

இக்கட்டுரையில் மிக முதன்மையான பகுதி இதுவே. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தேர்வு அச்சம் வந்தால், அதே அச்சம் உள்ள நாற்பது பேர் உடன் இருப்பர். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க எவரும் இல்லை. “எனக்கு மட்டுந்தான் இப்படி” என்ற எண்ணம் அங்கே எளிதில் வேரூன்றும்.

2024 டிசம்பரில், 18 வயதில் சதுரங்க உலக வாகையர் பட்டம் வென்ற சென்னையின் குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிக்குச் செல்லவில்லை. வீட்டுக் கல்விக்குச் சான்றாக அவரைப் பலர் சுட்டுகின்றனர். காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவரான அவருடைய தந்தை, தம் தொழிலை விட்டுவிட்டுப் போட்டிதோறும் மகனுடன் சென்றார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். எல்லாத் தந்தையராலும் தொழிலை விட இயலாது. ஆனால் பள்ளி இல்லாத பிள்ளைக்குப் பெரியவர் ஒருவரின் இடையறாத துணை தேவை என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அத்துணை பாடம் பற்றியே பேசுவதாக இருத்தல் கூடாது. நாளில் ஒரு வேளை உணவையேனும் தேர்வைப் பற்றிய பேச்சின்றி உண்ணுங்கள். வாரம் ஒருமுறையேனும் பிள்ளை தன் வயதினரோடு விளையாடவும் உரையாடவும் வழி செய்யுங்கள். அத்தையோ மாமாவோ அண்டை வீட்டு ஆசிரியரோ, பெற்றோரல்லாத ஒருவர் மாதம் ஒருமுறை பிள்ளையோடு தனியே பேசட்டும். நாள்தோறும் காணாத அக்கண்களுக்கு நமக்குத் தெரியாதது தெரியும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிள்ளை உற்சாகமின்றி இருந்தாலும், உறக்கமோ உணவோ மாறினாலும், விரும்பிச் செய்தவற்றைக் கைவிட்டாலும், “நான் எல்லோருக்கும் பாரம்” என்பது போலப் பேசினாலும் காத்திருக்க வேண்டாம். “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராக, கனிவோடு கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகாது. மாறாக, மறைத்து வைத்த பாரத்தை இறக்கி வைக்க ஒரு வாய்ப்பு அமையும். அப்படித் தோன்றுவதாகப் பிள்ளை கூறினால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையின் 14416 எண்ணிலும் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். தேர்வு, மேற்படிப்பு பற்றிய வினாக்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் உள்ளது.

தேர்வை இன்னொரு பருவத்தில் எழுதலாம். அதற்கு ஏற்பாடு உண்டு. பிள்ளையின் உடலும் மனமும் அப்படிக் காத்திரா. இந்த வாரத்திலேயே தடுப்பூசி அட்டையை எடுத்து, 16 வயதிற்குரிய கட்டம் நிரம்பியுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது பிள்ளையையும் அந்த அட்டையையும் மறவாமல் அழைத்துக்கொண்டும் எடுத்துக்கொண்டும் வாருங்கள்.