அச்சுகளின் திசை

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், மாத்தளை நகரைக் கடந்து சற்று வடக்கே சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வரும். மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் பகுதி அது. அங்கே ஒரு தோட்டத்தின் எல்லையைக் கணினியில் வரைய ஒருவர் முற்படுகிறார் என்று கொள்க. வீதி, தோட்டத்தின் கிழக்கு எல்லை. முதல் எல்லைக்கோட்டுக்கு நில அளவையாளர் எழுதிக் கொடுத்த அளவு: நீளம் 100 மீற்றர், திசைகோள் 30 பாகை. ஆனால் 30 பாகை எதிலிருந்து?

நில அளவையாளர் வடக்கிலிருந்து தொடங்கி வலஞ்சுழியாக எண்ணுவார். காந்த ஊசி வடக்கைக் காட்டுவதோடு ஒத்த வழக்கம் அது. கணித ஆசிரியரோ வலப்புறம் செல்லும் எக்ஸ் அச்சிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, இடஞ்சுழியாக எண்ணுவார். இருவரும் பிழையல்லர். 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் என்னும் வரைவு மென்பொருள், வேறு கட்டளை கொடாதவிடத்துக் கணித ஆசிரியரின் பக்கமே சாரும். எனவே 50 மீற்றர் கிழக்கும் 86.6 மீற்றர் வடக்கும் செல்ல வேண்டிய கோடு, 86.6 மீற்றர் கிழக்கும் 50 மீற்றர் வடக்கும் சென்றுவிடும். அதன் முனை ஏறத்தாழ 52 மீற்றர் விலகி நிற்கும். அயலவர் காணி அவ்வளவு தொலைவில் இராது!

ஒரு கோடு மட்டும் பிழைத்தால் எல்லை மூடாது, உடனே பிடிபடும். எல்லாக் கோடுகளும் ஒரே வகையாகப் பிழைப்பதே வில்லங்கம். அப்போது எல்லை ஒழுங்காக மூடும். பக்க நீளங்கள் மாறா. எத்தனை பேர்ச் என்று கணக்கிட்டாலும் விடை சரியாகவே வரும். ஆனால் வடக்கும் கிழக்கும் இடம் மாறி, படம் கண்ணாடியிற் கண்ட உருவாகிவிட்டது. கிழக்கே இருந்த வீதி வடக்கே கிடக்கும். படத்தை எப்படிச் சுழற்றினாலும் காணியோடு பொருந்தாது. இடக்காற் செருப்பைத் திருப்பி வலக்காலில் மாட்டுவது போலத்தான். பழைய ஜேர்மனிய நில அளவை மரபில் எக்ஸ் என்பது வடதிசை. அந்த எண்களை அப்படியே கணித முறையில் இட்டாலும் இதே விளைவு நேரும். ஓட்டோகாட்டில் கோணத்தின் தொடக்கத்தை வடக்கென்றும், சுற்றை வலஞ்சுழியென்றும் முதலில் அமைத்துக்கொண்டால் திசைகோளை எழுதியவாறே இடலாம்.

தொடக்கப் புள்ளியும் இத்தகைய ஏற்பாடே. இலங்கையின் ஆள்கூற்று முறைக்கு மூலமாகக் கொள்ளப்பட்டது பிதுருதாலகால மலை. பலாபத்வல அதற்கு மேற்கே இருப்பதால், மலையைப் பூச்சியமாக வைத்தால் அவ்வூரின் கிழக்கு ஆள்கூறு மறை எண்ணாகும். அதைத் தவிர்க்கவே பழைய முறையில் மலைக்குக் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என்று எண் கொடுத்தனர். 1999இன் புதிய முறையில் இரண்டும் 500,000. புதிய எண்களைப் பழைய படத்தில் இட்டால் தோட்டம் வங்காள விரிகுடாவில் மிதக்கும். அது பார்த்தவுடன் தெரியும் பிழை. ஆதலின் தீங்கு குறைவு.

உயரம் சேரும்போது சிக்கல் மீண்டும் எழுகிறது. ஓட்டோகாட், மேசைமேற் கிடத்திய தாளைப் போன்றது. அதில் மேலெழுவது இசட் அச்சு. 1995இல் வந்த சொலிட்வேர்க்ஸ், சுவரில் ஒட்டிய தாளைப் போன்றது. அதில் மேலெழுவது வை, பார்ப்பவரை நோக்கி வருவது இசட். இதைக் கேட்போர் தம் வலக்கையிலேயே காணலாம். பெருவிரலை எக்ஸ், சுட்டுவிரலை வை, நடுவிரலை இசட் என்று கொண்டு, மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டுக. பெருவிரல் வலப்புறம் நிற்க, நடுவிரல் மேல்நோக்கினால் முதல் மென்பொருள். சுட்டுவிரல் மேல்நோக்கினால் இரண்டாவது. கை ஒன்றே, கால்வட்டம் திரும்பியிருக்கிறது, அவ்வளவே.

ஆகவே முதலாவதில் வரைந்த வீட்டை இரண்டாவதில் அப்படியே திறந்தால், கூரை பார்ப்பவரை நோக்க வீடு மல்லாந்து கிடக்கும். அதைக் கால்வட்டம் சுழற்றி நிமிர்த்துவதே முறை. அவசரக்காரர் வை, இசட் இரண்டின் எண்களையும் இடம் மாற்றிவிடுவார். வீடு நிமிர்ந்து நிற்கும். ஆனால் வலப்பக்கத்துப் படிக்கட்டு இடப்பக்கம் போயிருக்கும். வரைந்தது திருகாணியாயின், வலஞ்சுழிப் புரி இடஞ்சுழிப் புரியாகி, எந்தச் சாதாரண சுரையும் அதில் ஏறாது. எண்களை இடம் மாற்றியவர், அவற்றுள் ஒன்றின் குறியையும் சேர்த்து மாற்றியிருந்தால் திருகாணி பழையபடியே இருந்திருக்கும்.