எந்தப் பெருக்கி பெரியது?

உலகில் பெரியது எது என்று ஔவையிடம் முருகன் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஔவைக்கு விடை எளிதாக வந்தது. சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, நம் விடுதி மொட்டை மாடியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அத்துணை எளியதன்று. “பழைய ஹை-ஃபை ஆம்ப்ளிபயர்களில் எது பெரியது?” என்பதே அது.

கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் அந்த நண்பர், உதவித் தொகையில் சிறுகச் சிறுகச் சேர்த்து எழுபதாயிரம் ரூபாய் வைத்திருந்தார். பம்பாய்ச் சோர் பஜாரில் ஒரு பழைய அமெரிக்க வால்வு ஆம்ப்ளிபயரைப் பார்த்து வந்திருந்தார். திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. ஊரில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளும் நெருங்கிக் கொண்டிருந்தது.

“தம்பி, நீ இயற்பியல் படிக்கிறவன். உங்கள் வீட்டில் மைக் செட் தொழில் வேறு. நீ சொன்னால் வாங்கிவிடுகிறேன்” என்றார்.

“வால்வின் இனிமை டிரான்சிஸ்டருக்கு வராது, அண்ணே. வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்துப் படுத்த பிறகு உறக்கம் வரவில்லை. எனக்கு அது தெரியுமா? பிறர் சொல்லக் கேட்டதைத் திருப்பிச் சொன்னேனே தவிர, என் காதால் சோதித்துச் சொன்னேனா? யார் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருளை ஆராய வேண்டும் என்றார் வள்ளுவர். நானோ ஒருவர் சேமிப்பு முழுவதையும் ஒரு வாய்ச்சொல்லில் தூக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். அந்த இரவு தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

முதலில், பெருக்கி என்பது என்ன செய்கிறது? சிறிய ஒலியை ஊதிப் பெரிதாக்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். அது சரியன்று. குளத்து மடையை நினைத்துக் கொள்ளுங்கள். மடைப் பலகையை ஒரு சிறுவன் ஏற்றி இறக்குகிறான். அதற்கேற்பத் தண்ணீர் பாய்கிறது. பாய்ச்சலின் வலிமை சிறுவனுடையதன்று, குளத்தினுடையது. இசைத்தட்டில் ஓடும் ஊசி தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவே. அதுவே அச்சிறுவன். சுவரிலிருந்து வரும் மின்சாரம் குளம். சிறுவன் கை எப்படி அசைகிறதோ, அப்படியே நீரும் அசைய வேண்டும். மாறி அசைந்தால் அதற்குப் பெயர் திரிபு. பெருக்கிகளின் பெருமை சிறுமையெல்லாம் பெரும்பாலும் இந்தத் திரிபைப் பற்றியவையே.

1904இல் ஃபிளெமிங் என்னும் ஆங்கிலேயர் இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு கம்பி வலையை இடையில் நுழைத்தார். சூடேறிய மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் எதிரிலுள்ள தகட்டுக்குப் பாய்கின்றன. இடையிலுள்ள வலையின் அழுத்தம் சற்றே மாறினாலும் பாய்ச்சல் மிகுதியாக மாறுகிறது. வலைதான் மடைப் பலகை.

ஆனால் வால்வுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அதன் பாய்ச்சல் வலையின் அழுத்தத்தை நேர்கோடாகப் பின்பற்றுவதில்லை. மற்றொன்று, வால்வு மிகுந்த அழுத்தத்தில் சிறிதளவே மின்னோட்டம் தரும். ஸ்பீக்கருக்கோ குறைந்த அழுத்தத்தில் நிறைய மின்னோட்டம் வேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் என்னும் மின்மாற்றி நிற்கிறது. இரும்பும் செம்புமாகிய அந்தக் கனத்த பொருளே திரிபின் இரண்டாவது பிறப்பிடம்.

முதற்குறைக்கு மருந்து கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்து ஹாரல்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது அவருக்கு எண்ணம் தோன்றியது. கையிலிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ தாளிலேயே கணக்கை எழுதினார். வெளிவரும் மின்னலையில் ஒரு சிறு பங்கைத் தலைகீழாக்கி நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்பினால், பிழை தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதே அவ்வெண்ணம். பெருக்கம் குறையும், அதே அளவில் திரிபும் குறையும். இதனை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம்.

இம்மருந்தை மின்மாற்றியையும் சேர்த்து வளைத்துக் கொடுத்தால் பெருக்கி சில வேளைகளில் தானாகவே ஊளையிடத் தொடங்கும். மின்மாற்றி அலையைக் காலந்தாழ்த்தி அனுப்புவதே காரணம். 1947இல் இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தவர் டி. டி. என். வில்லியம்சன். அப்போது அவருக்கு வயது 24. கே.டி. 66 என்னும் வால்வுகள் இரண்டு, மிகத் திருத்தமாகச் சுற்றிய மின்மாற்றி ஒன்று, திரிபைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் பின்னூட்டம் ஆகியவற்றைக் கொண்டு 15 வாட் தரும் பெருக்கியை அமைத்தார். திரிபு நூற்றில் 0.1 பங்குதான். அதன் முழு விவரத்தையும் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் ஏப்ரல், மே மாதங்களில் எழுதி வெளியிட்டார்.

இனி வழக்கிலுள்ள மற்றவர்களைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1953இல் வெளியிட்டது குவாட் II. அதே கே.டி. 66 இரண்டு, அதே 15 வாட். சிறிய உருவம், அடக்கமான அழகு. மின்மாற்றியின் ஒரு பகுதியை வால்வின் அடிமின்வாயோடும் இணைத்துத் திரிபைக் குறைத்தார் வாக்கர்.

அமெரிக்காவில் ஃபிராங்க் மெக்கின்டாஷும் கோர்டன் கவ்வும் 1949இல் வேறு வழி கண்டனர். இரண்டு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து மின்மாற்றியில் சுற்றி, வால்வின் தகட்டையும் அடிமின்வாயையும் சமமாகப் பிணைத்தனர். அவ்வழியில் 1961இல் வந்ததே புகழ்பெற்ற எம்.சி. 275. பக்கத்துக்கு 75 வாட். பளபளக்கும் அடித்தட்டின் மேல் வால்வுகள் அணிவகுத்து நிற்கும் அதன் தோற்றத்துக்கே அடிமையானோர் பலர்.

டேவிட் ஹாஃப்லர் 1951இல் கெரோஸ் என்பவருடன் சேர்ந்து ‘அல்ட்ரா லீனியர்’ என்னும் முறையைப் பரப்பினார். 1959இல் அவருடைய டைனாகோ நிறுவனம் ஸ்டீரியோ 70 என்னும் பெருக்கியைத் தந்தது. ஈ.எல். 34 வால்வுகள் நான்கு. பக்கத்துக்கு 35 வாட். பெட்டியில் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே பற்றவைத்துக் கொள்ளலாம். விலை நூறு டாலருக்கு ஐந்து காசு குறைவு. மெக்கின்டாஷ் மாளிகைக்குப் போயிற்று என்றால், டைனாகோ மாணவர் அறைக்குப் போயிற்று.

இவற்றுள் எது பெரியது? வாட் கணக்கால் அளந்தால் எம்.சி. 275 வெல்லும். ஆனால் 15 வாட்டுக்கும் 75 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 7 டெசிபெல்தான். ஒலி இருமடங்காகத் தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். ஆகவே ஐந்து மடங்கு வலிமை காதுக்கு இரண்டு மடங்குகூட ஆவதில்லை.

இனிமையால் அளந்தால்? இங்கேதான் வழக்கு சூடாகிறது. 1978இல் பீட்டர் வாக்கரின் நிறுவனம் தன் பெருக்கிகளையே கூண்டில் நிறுத்தியது. வால்வு கொண்ட குவாட் II, டிரான்சிஸ்டர் கொண்ட 303, 405 ஆகிய மூன்றையும் ஒலியளவைச் சமமாக்கி, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல், பழகிய காதுடையவர்களைக் கேட்கச் செய்தனர். சோதனையை நடத்தியவர் ஜேம்ஸ் மொயர் என்னும் பொறியாளர். கேட்டவர்களால் ஒன்றை மற்றொன்றிலிருந்து நம்பத்தக்க முறையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1985இல் பாப் கார்வர் என்பவர், ‘ஸ்டீரியோஃபைல்’ இதழார் தேர்ந்தெடுத்த விலை மிகுந்த வால்வுப் பெருக்கியின் ஒலியைத் தம் டிரான்சிஸ்டர் பெருக்கியில் கொண்டுவருவதாகப் பந்தயம் கட்டினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சியது ஏறத்தாழ மௌனமாகும் வரை திருத்தினார். பின்னர் இதழாரால் வேறுபாடு காண இயலவில்லை.

அப்படியானால் வால்வு வேறாக ஒலிக்கிறது என்பார் கூற்று பொய்யா? முழுப் பொய்யன்று. ஸ்பீக்கரின் தடை எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இராது. 6 ஓமிலிருந்து 30 ஓம் வரை ஏறி இறங்கலாம். பெருக்கியின் உட்தடை 1 ஓம் என்றால், இந்த ஏற்ற இறக்கத்தால் சில சுருதிகள் 1 டெசிபெல் அளவு தூக்கலாக ஒலிக்கும். காது அதனை அறியும். உட்தடை 0.1 ஓம் ஆனால் வேறுபாடும் 0.1 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். பழைய வால்வுப் பெருக்கிகளில் பலவற்றுக்கு உட்தடை சற்று மிகுதி. நாம் ‘இனிமை’ என்று போற்றுவதில் ஒரு பகுதி இதுவே.

படித்ததோடு நில்லாமல் நாமே சோதிப்போம் என்று நண்பரைத் தடுத்து நிறுத்தினேன். வளாகத்துக்கு அருகில் வாழும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் குவாட் II இணை ஒன்று நல்ல நிலையில் இருந்தது. என் சிறிய டிரான்சிஸ்டர் பெருக்கியை அங்கே தூக்கிச் சென்றோம். திரை கட்டினோம். நாணயம் சுண்டி, எது ஒலிப்பது என்று ஒருவர் முடிவு செய்தார். முதல் நாள் எட்டுக்கு எட்டும் சரியாகச் சொன்னேன்! என் பெருமையைக் கேட்க வேண்டுமா? பேராசிரியர் புன்னகைத்து, “வோல்ட் மீட்டர் வைத்தீர்களா?” என்றார். வைக்கவில்லை. வால்வுப் பெருக்கி சற்றே உரக்க ஒலித்திருந்தது. உரத்ததை இனியது என்று மனம் மயங்கிவிட்டது.

மறுநாள் இரண்டையும் 0.1 டெசிபெல்லுக்குள் சமமாக்கிப் பதினாறு முறை கேட்டேன். சரியானவை ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே எட்டு வரும். ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றில் 4 முறைதான். அவ்வளவு வந்திருந்தால் என் காதை நம்பலாம். நண்பருக்கு ஏழு வந்தது. எங்கள் சோதனை சிறியது. வேறு ஸ்பீக்கரில் விடை மாறியிருக்கவும் கூடும். ஆயினும், “வால்வின் இனிமை வராது” என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது உறுதியாயிற்று.

வாங்கத்தான் வேண்டும் என்போருக்குச் சில சொற்கள். அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்த பழைய பெருக்கி ஏறத்தாழ 117 வோல்ட்டுக்கு அமைந்தது; நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் மிஞ்சும். ஐம்பது அறுபது ஆண்டு கடந்த மின்தேக்கிகள் உலர்ந்தும் கசிந்தும் போயிருக்கும்; அவை கெட்டால் வால்வும், அதனினும் அரிய மின்மாற்றியும் எரியும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது மின்தேக்கியில் தங்கி உயிரை வாங்கும். தேர்ந்தவர் கை படாமல் திறக்காதீர்கள்.

நண்பர் திங்கட்கிழமை சோர் பஜாருக்குப் போகவில்லை. தபால் நிலையத்துக்குப் போய்த் தங்கையின் கட்டணத்தை அனுப்பினார். எஞ்சிய பணத்தில் ஒரு சாதாரணப் பெருக்கியும் நல்ல ஸ்பீக்கர் இணையும் வாங்கினார். வேறுபாடு ஸ்பீக்கரில்தான் மிகுதி என்பதைத் திரை இல்லாமலே எவரும் கேட்கலாம்.

இதையெல்லாம் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். தாத்தா காலத்து வால்வு ஆம்ப்ளிபயர் இன்னும் எங்கள் கொட்டகையில் கிடக்கிறது. அதன் பெருமையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்பா சிரித்தார். “திருவிழா நாலாம் நாள் ராத்திரி எது நிக்காமப் பாடுதோ, அதுதாண்டா நல்ல செட்டு” என்றார்.

நண்பர்கள் என் தீர்ப்பைக் கேட்கிறார்கள். என் வாக்கு வில்லியம்சனுக்கு. அவருடைய பெருக்கி இன்று அளவால் பெரியதன்று. அதனினும் திரிபு குறைந்தவை இன்று மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் நம் வயதுடைய ஓர் இளைஞர், தாம் கண்டதைப் பூட்டி வைக்காமல், எந்த ஊர் மெக்கானிக்கும் செய்துபார்க்கும்படி அளவோடு எழுதிக் கொடுத்தார். மறுப்போர் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். திரையும் வோல்ட் மீட்டரும் என்னிடம் இருக்கின்றன. நாணயம் நீங்கள் கொண்டுவந்தால் போதும்.