வாய்ப்புண் என்னும் சொல்லும் தன்னெதிர்ப்பு நோய்களும்

சில நாளில் ஆறும் கொப்புளத்தையும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணையும் ‘வாய்ப்புண்’ என்றே சுட்டுவது தமிழ் வழக்கு. உடற்சூடே காரணம் எனக் கருதி மணத்தக்காளிக் கீரை உண்பர். உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுவையே தாக்கும் நோய்களுக்கு இது போதாது.

அவற்றுள் ஒன்று, எராஸ்மஸ் வில்சன் 1869இல் பெயரிட்ட லைக்கன் பிளேனஸ். இதில் டி-அணுக்கள் வாய்ச்சவ்வின் அடிச்செல்களைத் தாக்குகின்றன. இரு கன்னங்களின் உட்புறத்திலும் வலைப்பின்னல் போன்ற வெண்கோடுகள் தோன்றும். காரம் பட்டால் எரியும். நோயாளருள் ஏறத்தாழ நூற்றில் ஒருவர்க்கு இது காலப்போக்கில் புற்றாகலாம். மற்றொன்று பெம்ஃபிகஸ் வல்காரிஸ். இதில் செல்களைப் பிணைக்கும் புரதத்தை எதிர்பொருள்கள் தாக்குவதால் கொப்புளங்கள் எழுந்து உடைகின்றன. பெரும்பாலும் இது தோலுக்கு முன் வாயிலேயே தொடங்கும். ஸ்டீராய்டு மருந்துகள் வருமுன் இந்நோயாளர் பெரும்பாலோர் இறந்தனர்.

வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடம் நோயறிதல் மேலும் கடினமாகிறது. பாக்கினால் விளையும் நார்த்திசுப் பெருக்கத்திலும் எரிச்சல் உண்டு; ஆயின் அதில் கன்னம் இறுகி, வாய் திறப்பு குறையும். ஐயமறத் தெளியத் திசுப் பரிசோதனையும், பெம்ஃபிகஸுக்கு ஒளிர்எதிர்பொருள் சோதனையும் தேவை. ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தார்க்குச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், முன்னர் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என வழங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை அங்குக் காட்டுவதே தக்கது.