முதலில் பணம்! பிறகு கணக்கு!
2016-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, கம்ப்யூட்டருக்குள் ஒரு கொள்ளை நடந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கத்தியைக் காட்டவில்லை. போனது 36 லட்சம் "ஈதர்". அன்றைய மதிப்பில் சுமார் 5 கோடி டாலர்!

ஈதர் என்பது கம்ப்யூட்டரில் மட்டும் புழங்கும் நாணயம். பல ஆயிரம் பேர் "தி டி.ஏ.ஓ." என்ற நிதியில் அதைப் போட்டிருந்தார்கள். அந்த நிதிக்கு மானேஜர் கிடையாது. காஷியர் கிடையாது. "ஸ்மார்ட் காண்ட்ராக்ட்" எனப்படும் கம்ப்யூட்டர் ஒப்பந்தமே எல்லாம். எழுதியதை எழுதியபடியே செய்யும். (வம்பு அதில்தான்!)

கேட்டவருக்கு அது முதலில் பணம் கொடுத்தது. பிறகுதான் கணக்கில் கழித்தது. கழிப்பதற்குள் திருடனின் புரோகிராம் மறுபடி கேட்டது. கணக்கில் பணம் அப்படியே இருக்கிறதே! மறுபடி கொடுத்தது. மறுபடியும்... மறுபடியும்...

நல்ல வேளை! விதிப்படி அந்தப் பணத்தைத் திருடன் உடனே செலவழிக்க முடியவில்லை. ஜூலை 20-ந் தேதி ஈதர் பேரேட்டிலேயே கை வைத்து, பணத்தை மீட்டார்கள். சிலர் இதற்குச் சம்மதிக்கவில்லை. ஈதர் இரண்டாகப் பிரிந்தது.

இத்தகைய ஓட்டையை முன்கூட்டியே காண முடியுமா? முடியும், கணிதத்தால்!

புரோகிராமைப் பத்து தடவை ஓட்டினால் பத்து வழிதான் தெரியும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரி என்று பள்ளியில் நிரூபிக்கிறார்களே, உலகத்து முக்கோணங்களை எல்லாம் அளந்தா பார்த்தார்கள்? அதே போல, "இருப்புக்கு மேல் ஒரு காசும் வெளியே போகாது" என்று எல்லா வழிகளுக்கும் சேர்த்து நிரூபிக்கிறார்கள். ஆனால் எது நடக்கக்கூடாது என்பதை மனிதன்தான் முதலில் எழுதித் தர வேண்டும். அதில் ஒன்று விட்டுப் போனால், கணிதம் அதைக் கேட்காது.

2020-ம் ஆண்டில் ஈதர்காரர்கள் முன்பணம் வாங்கும் புதிய ஒப்பந்தம் ஒன்றை எழுதினார்கள். இந்தத் தடவை, நிரூபித்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.