தாத்தாவின் தோல் சீட்டும் 12.7 மில்லிமீட்டரும்

போன மாதம் இந்தப் பலகையில் எல்லாரும் விடுகதை, பொன்மொழி எழுதியிருந்தீர்கள். நான் சைக்கிள் சீட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க, படிங்க.

எங்க வீட்டில் தாத்தாவோட பழைய சைக்கிள் இருக்கிறது. அதன் சீட்டில் ஸ்பஞ்ச் கிடையாது. ஒரே துண்டு மாட்டுத்தோல். அரசாங்க சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் தருவார்கள். அதுவரை எனக்கு இதுதான் வண்டி. ஆனால் சீட்டு தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. உட்கார்ந்தால் அடியில் உள்ள கம்பி குத்தும். "பொங்கலுக்குள்ள சரியாகலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன்"னு அப்பா சொல்லிட்டார். தாத்தா ஒன்றும் பேசாமல் போய் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

தோல் சீட்டு எப்படி வேலை செய்கிறது தெரியுமா? முன்னால் ஒரு மூக்கு இரும்பு, பின்னால் வளைந்த ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவில் தோலை இழுத்து ரிவெட் அடித்திருப்பார்கள். நடுவில் ஒரு தாங்கலும் இல்லை, நம்மைத் தாங்குவது தோலின் விறைப்புதான். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டுகிறோம் இல்லையா? அதே போல மூக்குக்கு அடியில் ஒரு போல்ட்டும் நட்டும் உண்டு. அதைத் திருகினால் மூக்கு முன்னால் தள்ளி, தோல் விறைக்கும். இங்கிலாந்தில் 1866-இல் குதிரைச் சேணம் செய்ய ஆரம்பித்த புரூக்ஸ் கம்பெனி, 1882-இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கியது. அந்த மாதிரியைப் பார்த்துத்தான் பல ஊர்களிலும் இப்படிச் சீட்டு செய்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். சீட்டு இவ்வளவு தொங்கியதற்கு நானும் ஒரு காரணம். காய்ந்து கிடக்குதேன்னு ஒரு வாரம் தினமும் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். தோல் என்பது பின்னிக்கிடக்கிற நார்கள். எண்ணெய் கொஞ்சம் இருந்தால் நார் வெடிக்காது. அதிகமானால் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, தோல் நீண்டுவிடும். நம்ம திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் தோல் ஷாப்புகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும் (வாசனையும் தெரியும்!). அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். அதில் உள்ள டானின்தான் தோலை அழுகாமல் காக்கிறது. சைக்கிள் சீட்டுக்கும் இப்படி மரப்பட்டையில் பதமான கனத்த தோல்தான் வேண்டும். அது அச்சில் அழுத்திய உருவத்தை விடாது.

சரி, நட்டைத் திருக வேண்டும். எங்க வீட்டு ஸ்பேனர் செட்டில் 12 உள்ளே நுழையவே இல்லை. 13 ஆடியது, நட்டின் முனை மழுங்கியது. அதோடு அந்த இடம் ரொம்ப ஒடுக்கம். தடித்த ஸ்பேனர் திரும்பாது. சைக்கிள் கடையில் கேட்டேன். "இதுக்கெல்லாம் யாரும்மா மெனக்கெடுவா, புது சீட்டு மாட்டிக்கோ" என்றார்கள்.

அப்போதுதான் வகுப்பில் வெர்னியர் அளவி பாடம் நடந்தது. அறிவியல் டீச்சரிடம் அனுமதி கேட்டு சைக்கிளையே ஆய்வகத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நட்டின் மழுங்காத பக்கத்தை மூன்று முறை அளந்தேன். 12.7 மில்லிமீட்டர்! அதாவது சரியாக அரை அங்குலம். பழைய சைக்கிள்களில் அங்குலக் கணக்கு. நான் மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டியிருக்கிறேன்.

என் மாமா நல்லாம்பட்டியில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) சைக்கிள் கடைகளில் சக்கரத்தின் கோனைப் பிடிக்க மெல்லிசாக ஒரு கோன் ஸ்பேனர் வைத்திருப்பார்கள். அதில் பழைய 12 ஒன்றை வாங்கிக்கொண்டு மாமாவிடம் போனேன். சாவிக்குப் பல் வெட்டுகிற அரத்தை எடுத்து, இரண்டு பக்கமும் 0.35 மில்லிமீட்டர் ராவச் சொன்னேன். "மில்லிமீட்டர் எல்லாம் எனக்கெதுக்குத்தா, நட்டைக் கொண்டா"ன்னு சொல்லி, வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்தே ராவினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான் திருக வேண்டும். பிறகு சில நாள் ஓட்டிப் பார்க்கணும். நான் ஆசையில் முதல் நாளே ரெண்டு சுற்று திருகிட்டேன். மூக்கு ரிவெட் பக்கத்தில் நகம் அளவு வெடிப்பு விட்டுவிட்டது. அது இனி ஒட்டாது. அதனால் நட்டை அதோடு விட்டுவிட்டோம்.

மீதித் தொங்கலுக்கு தாத்தா ஒரு வழி சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற தாத்தாவிடம் போனோம். அவர் சீட்டின் இரண்டு பக்க ஓரத்திலும் குத்தூசியால் வரிசையாக ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலை அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, ஷூ லேஸ் மாதிரி இழுத்துக் கட்டினார். பக்கங்கள் உள்ளே வந்ததும் நடுத்தோல் மேலே எழும்பியது.

இப்போது மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, தேன்மெழுகு கலந்த விளக்கெண்ணெயை விரல் நுனியில் தொட்டு அடிப்பக்கம் தடவுகிறேன். கமலையின் தோலுக்கும் அதைத்தான் போடுவோம் என்று தாத்தா சொன்னார். மழை வந்தால் பாலிதீன் பையைக் கவிழ்த்துவிடுவேன், ஏனென்றால் நனைந்த தோலில் உட்கார்ந்தால் அப்படியே பள்ளம் விழும்.

பொங்கல் முடிந்துவிட்டது. சைக்கிள் பள்ளி வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. வெடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள், ஆனால் தொடாதீங்க.

— 9ஆம் வகுப்பு மாணவி