விற்பதற்கு எதைத் தைப்பது?

எட்டாம் வகுப்பில் இலாப நட்டம் நடத்தும்போது, பாடப்புத்தகத்து வியாபாரி ஒரு பொருளை வாங்குவார், விற்பார். வாங்கிய விலையும் விற்ற விலையும் கணக்கிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு என் மாணவர்கள் போட்ட ஒரு கணக்கில் வாங்கிய விலையே இல்லை. ஏனென்றால் அந்தப் பொருள் வாங்கப்பட்டதல்ல, அவர்களுடைய அம்மாக்கள் தைத்தது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஆறு பேர் ஒரே மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்கள். நான்கு பேர் வீட்டில் தையல் மிஷின் உண்டு. ஊரிலுள்ள தையல் கடைகளில் ஒதுக்கும் வெட்டுத் துணிகளை வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் ஓர் அடுக்கும் அடியில் ஒரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவார்கள். கடைகளில் குயில்ட் என்று சொல்வது இதைத்தான். பெயர்தான் புதிது. பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துத் தைத்துப் பிள்ளையைப் படுக்கவைக்காத வீடு நம் ஊர்ப்பக்கம் குறைவு. வங்கத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி என்று இதற்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. எல்லாமே வீட்டுக்கென்று பிறந்தவை. சந்தைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பக்கத்துக் கல்லூரியில் நடந்த கல்லூரிச் சந்தையில் குழுவுக்கு ஒரு கடை கிடைத்தது. எதைக் கொண்டுபோவது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. யூடியூப் பார்த்துச் சொன்னேன். டீ கெட்டில் மூடி, ஓவன் கையுறை, சாப்பாட்டு மேசைக்கு நீள விரிப்பு என்று இருபது உருப்படிகள் தயாராயின. நம் வீடுகளில் எத்தனை பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு நாளில் அவற்றில் ஒன்றே ஒன்று விற்றது. அதுவும் வாங்கியவர் அந்த டீ மூடியைத் தொப்பி என்று நினைத்திருந்தார்.

அந்தக் கடையின் பெருமை ஒரு பெரிய போர்வை. 6 அங்குலச் சதுரங்கள் 150. அகலம் 5 அடி, நீளம் ஏழரை அடி. 1,800 ரூபாய் என்று எழுதி வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒருவர் 900 ரூபாய்க்குக் கேட்டார். திரும்பத் தூக்கிக்கொண்டு போவதற்குக் கொடுத்துவிடலாமே என்று சொன்னது நான்தான். தைத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துக் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை அதையே வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். அடித்துணி, உள் அடுக்கு, நூல், வெட்டுத் துணி எல்லாம் சேர்த்து 500 ரூபாய். விற்ற விலை 900. இலாபம் 400, இலாப சதவீதம் 80. எல்லோரும் சரியாகப் போட்டுவிட்டார்கள். அப்போது போர்வை தைத்தவரின் மகள் எழுந்து, "டீச்சர், அம்மாவோட நேரத்துக்கு எவ்வளவு போடணும்?" என்று கேட்டாள்.

நான் கரும்பலகையில் அதற்கு வரியே விடவில்லை. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று வீட்டில் கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் 70 என்று சொன்னாள். 400ஐ 70ஆல் வகுத்தோம். மணிக்கு 6 ரூபாய்கூட வரவில்லை. கேட்ட விலையான 1,800க்கே போயிருந்தாலும் 19 ரூபாயைத் தொட்டிருக்காது. 80 சதவீத இலாபம் என்று நான் சரிக்குறி போட்ட நோட்டுகள் மேசைமேல் அப்படியே இருந்தன.

அடுத்த கடைக்கு முன் இந்தக் கணக்கை எல்லாப் பொருளுக்கும் போட்டோம். பிள்ளைகள் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்து வந்தார்கள். ஜிப் வைத்த பென்சில் பைக்குப் பொருள் செலவு 22 ரூபாய், நேரம் 40 நிமிடம். 70 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 72 ரூபாய் நிற்கிறது. சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணி ஒரு ஜோடிக்குச் செலவு 16 ரூபாய், நேரம் 50 நிமிடம். 60 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 53. தோள்பை 250 ரூபாய்க்குப் போகும், பார்க்கப் பெரிய பணம். ஆனால் 90 ரூபாய் செலவும் 3 மணி நேரமும் போக, அதுவும் மணிக்கு 53தான். விலை கூடிய பொருளில்தான் வருமானம் கூடும் என்று நினைத்திருந்த எங்கள் எல்லோருக்கும் இது ஆச்சரியம்.

இதோடு இன்னொரு வேலையும் செய்தோம். சனிக்கிழமை நடந்த கடையில் நான்கு மாணவர்கள் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் கையில் எடுத்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நேர்க்கோட்டுக் குறி போட்டார்கள். (மாணவர்கள் தைத்த எதையும் விற்பனைக்கு வைக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர் முதல் நாளே போட்ட கோடு அது, சரியான கோடு.) 100 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வந்தவர் தானே முடிவு செய்கிறார். அதற்கு மேலே போனால் கூட வந்தவரைக் கூப்பிடுகிறார், அல்லது வீட்டுக்குப் போன் போடுகிறார். கரித்துணியை அடுக்கி வைத்திருந்தவரை யாரும் தொடவில்லை. பதினோரு மணிக்கு ஒரு மாணவி பக்கத்து டீக்கடையில் காலிப் பால் பாத்திரம் ஒன்றை வாங்கிவந்து, அதன் காதில் கரித்துணியைச் சுற்றி வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய தாளில் குறிகள் விழ ஆரம்பித்தன.

பொருளை முடிவு செய்தபின் துணியைத் தேர்வது தனி வேலை. இதில் பட்ட அனுபவங்களை நம் பள்ளிகளில் தையல் கற்றுத்தரும் சிறப்பாசிரியர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரித்துணிக்குள் கடையில் விற்கும் ஃபோமையோ பாலியஸ்டர் பஞ்சையோ வைக்கக் கூடாது. சூட்டில் உருகும், கை சுடும். பழைய பருத்தித் துண்டை இரண்டு அடுக்காக வைப்பதே பாதுகாப்பு. மேல்துணியும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஓர் இழையைப் பிரித்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி சாம்பலாகும், செயற்கை இழை உருகி உருண்டையாகும். ஃபோம் பென்சில் பைக்கும் மொபைல் பைக்கும் நல்லது.

புதுத்துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டவே கூடாது. முதல் சலவையில் ஒரு சதுரம் சுருங்கும், பக்கத்துச் சதுரம் சுருங்காது, பை கோணிக்கொள்ளும். சிவப்பையும் கருநீலத்தையும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும். சாயம் ஏறினால் அந்தத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடலாம். பனியன் துணி மலிவாகக் கிடைக்கிறது என்று நெய்த துணியோடு கலந்ததில் எங்களுக்குப் பன்னிரண்டு பைகள் வீணாயின. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், நெய்த துணி வராது. கடைசியாக ஓரம். வாங்குகிறவர் உள்ளே திருப்பிப் பார்ப்பது ஓரத்தைத்தான். கிராஸ் பீஸ் வெட்டிப் பட்டி பிடித்தால் முனை வளைவில் படிந்து நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வகைகளையும் குறைத்தோம். முன்பு பதினைந்து வகை, இப்போது நான்கு. ஒரே பை பல நிறத்தில் இருந்தால் வாங்குகிறவர் நிறத்தைத் தேடுகிறார். பல வகை இருந்தால் குழம்பிப் போய்விடுகிறார்.

ஒரே அளவுப் பையை நூறு தைப்பது சலிப்பு என்று அம்மாக்கள் சொன்னார்கள். அது உண்மைதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பினப் பெண்கள் 1966இல் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்களும் அதில் இருந்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. எல்லா உறையும் அச்சுப்போல ஒன்றாக இருக்க வேண்டும். மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் இஷ்டப்படி போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தபோது, அந்தக் கார்டுராய் போர்வைகளும் பேசப்பட்டன. சம்பளத்துக்குத் தைத்தது ஒன்று, மனத்துக்குத் தைத்தது வேறொன்று. இதை அம்மாக்கள் கூட்டத்தில் சொன்னபோது, போர்வை தைத்தவர், "அப்ப என் போர்வைய நான் விக்க வேண்டியதில்லை, இல்லையா டீச்சர்?" என்றார். 900 ரூபாய்க்குப் போனதில் பாதிச் சதுரங்கள் அவருடைய அம்மாவின் சேலைகள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது கடையின் பின்பக்கத்தில் ஒரு போர்வை தொங்குகிறது. 'விற்பனைக்கு அல்ல' என்று மாணவர்கள் எழுதிய அட்டை அதில் குத்தியிருக்கிறது. அதைப் பார்க்க நிற்பவர்கள் பென்சில் பை வாங்கிப் போகிறார்கள். அதேபோல வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவர்களுக்கு ஆர்டர் மட்டும் எடுக்கிறோம். பாதிப் பணம் முன்பணம், துணி அவர்கள் வீட்டுச் சேலை, மூன்று மாத அவகாசம். விலையை எட்டாம் வகுப்புதான் போட்டுக்கொடுத்தது, 70 மணி நேரத்தையும் சேர்த்து 4,000 ரூபாய். இதுவரை இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று முடிந்துவிட்டது, இன்னொன்றில் 60 சதுரம் பாக்கி.